பின்னாலிருந்து தட்டு, பாப்பா

பாப்பா,

நல்லா இருக்கியா, சாப்பிட்டியா என்பதையெல்லாம் உன் அம்மா தினமும் போனில் கேட்டுவிடுகிறாள். அதனால் நான் நேராக விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு உன்மேல் பொறாமை. விளையாட்டுக்குச் சொல்கிற பொறாமை இல்லை, சோற்றை விழுங்கும்போது தொண்டையில் நிற்கிற பொறாமை. பெற்ற மகளைப் பார்த்து ஒரு அப்பன் இப்படி எழுதலாமா என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ பாதியிலேயே சிரித்துவிடுவாய், நீ சிரித்தால் நானும் சிரித்துவிடுவேன், சொல்ல வந்தது டீக்கடைப் பேச்சாகப் போய்விடும். அதனால்தான் அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட கை இன்றைக்குப் பேனா பிடித்திருக்கிறது. பெரியாஸ்பத்திரி வாசலில் வாகை மரத்து நிழலில் வண்டியைப் போட்டுவிட்டு, ஸ்டீரிங்மேல் அட்டையை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அது ஸ்டீரிங்கின் கோளாறு. இதை நீ யாரிடம் வேண்டுமானாலும் படித்துக் காட்டு. இந்த ஆம்புலன்ஸ் ஸ்டாண்டில் இருக்கிற எல்லாருக்கும் பாதி தெரிந்த விஷயத்தைத்தான் எழுதப் போகிறேன்.

நீ கல்யாணமாகிப் பாலசமுத்திரம் போன நாளிலிருந்து இங்கே என்னை ஒருத்தனும் விசாரிப்பதில்லை. வருகிறவன் எல்லாம் "பாப்பா எப்படிண்ணே இருக்கு?" என்றுதான் வாயைத் திறக்கிறான். போன வாரம் எனக்குக் காய்ச்சல். கண் சிவந்துபோய் உட்கார்ந்திருந்தேன். சிக்கந்தர் தன் வண்டியை விட்டு இறங்கி வந்து என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தான். பரவாயில்லையே, நமக்கும் ஒருத்தன் இருக்கிறானே என்று நினைத்தேன். "அனலாக் கொதிக்குதுண்ணே. பாப்பா இருந்திருந்தா ஒரு மாத்திரை கொடுத்திருக்கும்ல?" என்றான். காய்ச்சல் எனக்கு, ஏக்கம் உன்மேல்! டீக்கடைக்காரர் இருக்கிறாரே, நீ இருந்தவரைக்கும் உனக்குப் புது டிகாஷனில் போட்டு, அதிலேயே மிச்சத்தை எனக்குக் கொடுப்பார். இப்போது எனக்குப் பழைய டிகாஷன்தான். உன் தயவில் நல்ல டீ குடித்துக்கொண்டிருந்தேன் என்பது நீ போன பிறகுதான் தெரிந்தது.

நீ வருவதற்கு முன்னால் இந்த மரத்தடியில் நான்தான் ராஜா. உனக்குத் தெரியாததா, தனியார் ஆம்புலன்ஸ் தொழிலில் பாதி காத்திருப்புதான். ட்ரிப் அடித்தால் படி உண்டு, வண்டி நின்றால் ஒன்றும் கிடையாது. கூப்பிட்ட நேரத்துக்கு ஓட வேண்டும், கூப்பிடாத நேரத்திலும் வண்டியை விட்டு நகரக் கூடாது. வழியில் நோயாளி இறந்துபோய், அழுகிற குடும்பத்தால் வாடகை கொடுக்க முடியாமல் போனால், முதலாளி அதை எங்கள் படியில் பிடித்துக்கொள்வார். சாவுக்கு நாங்கள்தான் ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்கள் மாதிரி! இத்தனையையும் சுமந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறவர்களைச் சிரிக்கவைப்பதுதான் என் வேலை. காலையில் நான் ஒரு கதையை ஆரம்பித்தால் மத்தியானம் வரைக்கும் அவர்களுக்குப் பசி தெரியாது. படி குறைந்ததைப் பற்றி எவனாவது பேச்செடுத்தால், "ஏலே, சம்பளம் ஏறுனா உன் பொண்டாட்டி உன்னைய மதிச்சிருவாளாக்கும்?" என்பேன். எல்லாரும் சிரிப்பார்கள். பேச்சு அதோடு முடிந்துவிடும். அப்படி முடித்துவிடுவதை நான் ஒரு திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீ நர்சிங் முடித்துவிட்டு என் வண்டியிலேயே உதவிக்கு ஏறியபோது, பெருமைப்பட்டேன் என்று எழுதினால் பொய்யாகிவிடும். என் வண்டியில் எனக்கே ஒரு மேஸ்திரி வந்துவிட்டாள் என்றுதான் இருந்தது. அதுவரைக்கும் பின்னால் இருப்பவன் தொண்டை கிழியக் கத்துவான், சைரன் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்காது, நான் பாட்டுக்கு ஓட்டுவேன். நீ ஏறிய ரெண்டாம் நாளே நடுவில் இருக்கும் கண்ணாடியில் தட்டினாய். ஒரு தட்டு என்றால் மெதுவாகப் போ, ஊசி போடுகிறேன். ரெண்டு தட்டு என்றால் வேகம். மூன்று என்றால் நிறுத்து. "என்ன பாப்பா, கொரியர்காரன் மாதிரி தட்டுற?" என்று கேலி செய்தேன். "கையெழுத்துப் போட்டு வாங்கிக்கோப்பா" என்றாய். பத்தே நாளில் சிக்கந்தர் வண்டியிலும் தட்டு, முருகேசன் வண்டியிலும் தட்டு. நான் இந்த சீட்டில் உட்கார்ந்து தலை நரைத்தவன். எனக்கு ஏன் இது தோன்றவில்லை? அன்றைக்கு ஆரம்பித்தது இந்தப் பொறாமை.

பிறகு அந்தச் சண்டை வந்தது. வத்தலக்குண்டிலிருந்து வரும் வழியில் முருகேசன் வண்டியில் ஒரு அம்மா இறந்துபோனதும், அந்த வாடகை முழுக்க அவன் படியில் விழுந்ததும், மறுநாள் அவன் மரத்தடியில் வந்து பேசாமல் உட்கார்ந்திருந்ததும் உனக்கு நினைவிருக்கும். நான் வழக்கம்போல ஒரு கதையை எடுத்தேன். நீ என்னைப் பார்த்து, "அப்பா, செத்த நேரம் சும்மா இருப்பா" என்றாய். அத்தனை பேர் முன்னால்! அதற்கப்புறம் நீ பேசினாய். மாதச் சம்பளம் வேண்டும், வாரத்தில் ஒரு நாள் வீட்டில் இருக்க வேண்டும், வழியில் உயிர் போனால் வாடகையை எங்கள் தலையில் கட்டக் கூடாது. சிக்கந்தர் துள்ளி எழுந்து, "அப்ப நாளைலருந்து எல்லா வண்டியும் நிக்கட்டும்!" என்றான். "வண்டி நின்னா சாகுறது முதலாளியா?" என்று கேட்டாய். எங்கள் தொழிலில் வேலைநிறுத்தம் என்ற ஒன்று கிடையாது என்றுதான் நாங்கள் எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தோம்.

நீ சொன்னது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. "வண்டி ஒண்ணு கூட நிக்க வேணாம். ஆனா யாரும் லெஃப்ட்ல திரும்ப வேணாம்." அவ்வளவுதான். நகரத்துக்குள் நுழைகிற முக்கில் நேராகப் போனால் பெரியாஸ்பத்திரி. இடது பக்கம் திரும்பினால் அந்தப் பெரிய தனியார் ஆஸ்பத்திரி. வண்டியில் ஏறுகிற சனம் பதறிப்போய், "எங்கயாச்சும் நல்ல எடமாக் கொண்டு போங்கய்யா" என்று எங்கள் வாயைத்தான் பார்க்கும். நாங்கள் திரும்புவோம். திரும்பினால் முதலாளிக்கு அங்கிருந்து ஒரு கமிஷன் கவர், எங்களுக்கு ஒரு பிரியாணிப் பொட்டலம். முதலாளியின் பங்களா எங்கள் வாடகையில் எழும்பவில்லை, அந்த இடது திருப்பத்தில் எழும்பியது. "அவங்களா ஒரு ஆஸ்பத்திரி பேரைச் சொன்னா அங்க விடுவோம். நம்மளைக் கேட்டா பெரியாஸ்பத்திரிக்கு. நாமளா திரும்ப மாட்டோம்" என்றாய். அப்புறம் சிக்கந்தர் என்னைப் பார்த்து, "அண்ணே, நீங்க எம்புட்டு வருசமா திரும்புறீங்க, ஒங்களுக்குத் தோணலையே!" என்றான். அந்தப் பயலை அங்கேயே ஸ்ட்ரெச்சரில் கட்டிப் போட்டிருக்க வேண்டும்.

முதல் வாரத்திலேயே முதலாளிக்கு வலித்துவிட்டது. லேபர் ஆபீசில் கூப்பிட்டுப் பேசினார்கள், முடிவை அடுத்த பேச்சுவார்த்தைக்குத் தள்ளிவைத்தார்கள். அங்கே ஆபீசர் உன்னைப் பார்த்து "உட்காருங்கம்மா" என்றார். நான் உன் பின்னால் சுவரில் சாய்ந்து நின்றேன். வெளியே வந்ததும் பேப்பர்காரர் ஒருத்தர் போட்டோ எடுத்தார். மறுநாள் பேப்பரில் நீ முழுசாக இருந்தாய், சிக்கந்தர் பல்லைக் காட்டிக்கொண்டு இருந்தான், என்னில் ஒரு காது மட்டும் வந்திருந்தது. உன் அம்மா அந்தப் பக்கத்தை மடித்து சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டு, மீன் குழம்பில் நடுத்துண்டை எடுத்து உன் தட்டில் போட்டாள். எனக்கு வால். "காதுக்கு இது போதும்" என்றாள். நீயும் அவளும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். ஆனால் பாப்பா, எனக்கு அன்றைக்கு அந்த மீன் இறங்கவில்லை.

அந்த மத்தியானம்தான் கொடைரோட்டிலிருந்து அழைப்பு வந்தது. நெஞ்சு வலியோடு ஒரு பெரியவர், கூட அவர் சம்சாரம். அந்த அம்மாவும் "நல்ல எடமாப் பாத்துப் போங்கய்யா" என்றுதான் சொன்னார். "பெரியாஸ்பத்திரிக்குப் போறோம்மா, பயப்படாதீங்க" என்று பின்னாலிருந்து நீ சொன்னாய். என்னைக் கேட்காமலே சொன்னாய். முக்கு வந்தது. தூரத்தில் கோட்டை மலை வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. என் கை இடது பக்க இண்டிகேட்டரைப் போட்டுவிட்டது. பழக்கத்தில் போட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி அந்தக் காது, அந்த மீன் வால், "செத்த நேரம் சும்மா இருப்பா". வண்டி என்னுது, ஸ்டீரிங் என் கையில் இருக்கிறது என்று யாருக்கோ காட்ட வேண்டும்போல இருந்தது. அப்போது கண்ணாடியில் தட்டினாய். மூன்று தட்டுவாய் என்று நினைத்தேன். ஒரே ஒரு தட்டுதான் தட்டினாய். மெதுவாகப் போ. அவ்வளவுதான் நீ சொன்னது. நான் வண்டியை மெதுவாக்கினேன். மெதுவானபோது யோசிக்க முடிந்தது. இண்டிகேட்டரை அணைத்துவிட்டு நேராகப் போனேன். அந்தப் பெரியவர் பிழைத்து, பிறகு ஒரு நாள் தன் தோட்டத்து முருங்கைக்காயை ஒரு பை நிறையக் கொண்டுவந்தார். "நர்சம்மாட்ட கொடுத்துருங்க" என்று என்னிடம் நீட்டினார். வண்டி தானாகவே கொடைரோட்டிலிருந்து ஓடி வந்தது போல!

ஆனால் பின்னால் வந்த சிக்கந்தர் இண்டிகேட்டரைப் பார்த்துவிட்டான். நான் வண்டியை நிறுத்துவதற்குள் மரத்தடியில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. "என்னண்ணே, வீட்டுக்குள்ளயே ரெண்டு கட்சியா?" என்று முருகேசன் கேட்டான். அவன் கேட்டதில் கோபம் இல்லை, அதுதான் என்னைச் சுட்டது. எனக்கு ஒரு கதையும் வாயில் வரவில்லை. நீதான் இறங்கி வந்து, "பின்னால டவுன் பஸ்காரன் ஹாரன் அடிச்சான். அப்பா ஓரங்கட்டி வழி விடப் பாத்துச்சு" என்றாய். சைரன் போட்டுப் போகிற ஆம்புலன்ஸ் டவுன் பஸ்ஸுக்கு வழி விட்டதாம்! அதையும் அத்தனை பேரும் ஏற்றுக்கொண்டார்கள். நான் இந்த மரத்தடியில் எத்தனை வருசமாகப் புளுகியிருக்கிறேன், ஒருத்தன் ஒரு புளுகையாவது நம்பியிருப்பானா? நீ ஒன்றே ஒன்று சொன்னாய், அதுவும் உலகத்திலேயே மட்டமான புளுகு, எல்லாரும் தலையை ஆட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள். என்னைக் காப்பாற்றினாய் என்று அன்றைக்கு நான் நன்றி சொல்லவில்லை. புளுகுவதில்கூட என்னைத் தாண்டிவிட்டாயே என்றுதான் எரிந்தது.

அடுத்து நடந்ததை உன்னிடம் சொல்லவில்லை. இண்டிகேட்டர் சங்கதி முதலாளி காதுக்கும் போயிற்று. என்னை ஏசி அறைக்குள் கூப்பிட்டு உட்காரவைத்தார். இத்தனை வருசத்தில் அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். "லெஃப்ட்ல சிக்னல் போட்டீங்களாம்லண்ணே" என்று சிரித்தார். "பழைய ஆளு பழைய ஆளுதான். இனிமே நீங்க ஏன் வண்டி ஓட்டிக்கிட்டு? சூப்பர்வைசரா இங்கன உக்காருங்க. அடுத்த பேச்சுவார்த்தைக்கு வந்து, சீனியர் டிரைவருக எங்களுக்கு ஒரு கொறையும் இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க." கடைசியில் ஒன்று சொன்னார் பார், அதுதான் சரியான இடத்தில் குத்தியது: "நேத்து வந்த புள்ள ஒங்களை விடப் பெரிய ஆளாயிருச்சேண்ணே." முடியாது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். "யோசிச்சுச் சொல்றேன் முதலாளி" என்று சொல்லிவிட்டு வந்தேன். யோசிக்கவும் செய்தேன். உன் கல்யாணப் பந்தலில் அவர் வந்து சுவர்க் கடிகாரம் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாரே, அது இதுக்குத்தான்.

நீ போனதும் முதலாளி ஆள் கணக்கிலிருந்து உன் பெயரை எடுத்துவிட்டார். கல்யாணமாகிப் போன பெண் எங்கள் ஆள் இல்லை, அவள் பேச்சுவார்த்தையில் உட்கார முடியாது என்று சொல்லிவிட்டார். என் வண்டிக்கு ஒரு புதுப் பையனைப் போட்டிருக்கிறார். நல்ல பையன்தான், ஆனால் கத்துகிறான். தட்டச் சொல்லிக் கொடுத்தேன், அவசரத்தில் மறந்துவிடுகிறான். கண்ணாடி சும்மா இருக்கிறது. சும்மா இருக்கிற கண்ணாடியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தே எனக்குக் கழுத்து வலி. இந்த நேரத்தில் உன் வீட்டுக்காரர் போன் போட்டார். "ஏனுங்க மாமா, ஒரு சங்கதி கேக்கோணும். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குத் தக்காளி வண்டி ஓட்டையில உங்க புள்ள பக்கத்துல உக்காந்து டேஷ்போர்டைத் தட்டுறாங்க. ஒண்ணு தட்டுனா என்னங்க அர்த்தம், ரெண்டு தட்டுனா என்னங்க?" நான் சொல்லிக்கொடுத்தேன். சொல்லிக்கொடுத்துவிட்டு போனை வைத்தபோது, பாப்பா, இதுவரைக்கும் நான் எழுதின பொறாமை எல்லாம் ஒன்றுமே இல்லை என்று தெரிந்தது. என் தட்டைத் தக்காளிக் கூடைகளுக்குக் கொடுத்துவிட்டாயே! தக்காளிக்கு ஊசியா போடப் போகிறாய்? மாப்பிள்ளை நல்ல மனுசர். பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வருகிறவர், கூப்பிட்ட நேரத்துக்கெல்லாம் ஓடாதவர். அதுக்கும் சேர்த்தே எனக்குப் பொறாமை.

வருகிற திங்கட்கிழமை மறுபடி பேச்சுவார்த்தை. உனக்குப் பதிலாக யார் பேசுவது என்று நேற்று மரத்தடியில் கூடினார்கள். சிக்கந்தரை அனுப்பினால் நாற்காலியைத் தூக்கிவிடுவான். முருகேசன் அழுதுவிடுவான். நான் ஒரு ஓரமாக நின்று, என்னைக் கேட்க மாட்டார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்டால் என்ன சொல்வது என்றும் தெரியவில்லை. சிக்கந்தர் என் பக்கம் திரும்பி, "அண்ணே, நீங்கதான் பேசணும்" என்றான். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அடுத்த வாயிலேயே, "பாப்பா போன் போட்டுச்சு. அப்பாவைப் பேச விடுங்க, நல்லாப் பேசும்னு சொல்லுச்சு" என்றான். பார்த்தாயா? எனக்குக் கிடைத்த ஒரே பதவியும் உன் சிபாரிசில்! இண்டிகேட்டர் போட்ட கை என்று தெரிந்துகொண்டே அந்தச் சிபாரிசைச் செய்திருக்கிறாய். வீட்டுக்கு வந்து நான் யோசித்தது அதைத்தான்.

இன்றைக்குக் காலையில் முதலாளியைப் பார்த்துவிட்டு வந்தேன். "அந்த நாற்காலி எனக்கு வேணாம் முதலாளி. ஏசியில மூக்கு அடைக்குது" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "மகளுக்காகப் பொழப்பைக் கெடுத்துக்காதீங்கண்ணே" என்றார். "மகளுக்காக இல்ல. அவ மட்டும்தான் பேசுவாளா? நானும் பேசிப் பாக்குறேன்" என்றேன். திங்கட்கிழமை நான் டிரைவர்கள் பக்கம் உட்கார்ந்தால் சாயங்காலம் வண்டிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார். சும்மா மிரட்டுகிறவர் இல்லை, செய்வார். இந்த வயதில் சாவியைக் கொடுத்துவிட்டு நான் எந்த வண்டியில் ஏறுவேன் என்று தெரியவில்லை. உன் அம்மாவிடம் சொன்னேன். "வால் துண்டைத் தின்னே பழகிட்டீங்க, பாத்துக்கலாம்" என்றாள். அவளுக்கும் எனக்கும் நடுவில் இவ்வளவு வருசத்தில் நடந்த பெரிய பேச்சு அதுதான்.

உனக்கு ஒரு புத்தி சொல்ல வேண்டும், அப்பன் என்று இருந்தால் சொல்லித்தானே ஆக வேண்டும். போன வீட்டில் உனக்கும் ஒரு நாள் யார் மேலாவது பொறாமை வரும். உன் நாத்தனார் மேல் வரலாம், மாப்பிள்ளை மேலேயே வரலாம். வந்தால் அன்றைக்கே வாய்விட்டுச் சொல்லிவிடு. சண்டையாகச் சொல்லு, கேலியாகச் சொல்லு, எப்படியாவது சொல்லிவிடு. உள்ளேயே வைத்திருந்தால் அது கைக்கு இறங்கிவிடும், நீ பார்த்துக்கொண்டிருக்கும்போதே இண்டிகேட்டரைப் போட்டுவிடும். இன்னொன்று, அங்கே உன்னை யாராவது "செத்த நேரம் சும்மா இரு" என்று சொன்னால் சும்மா இருக்காதே. என்னிடம் சொன்னாய், நான் இருந்தேன், அதனால் உங்கள் பேச்சு நடந்தது. என் வாயை அடைத்ததில் நாலு குடும்பத்துக்கு நல்லது வரும். உன் வாயை அடைத்தால் யாருக்கும் ஒரு நல்லதும் வராது.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். நான் கேலி பேசிப் பழகினவன். ஆபீசர் முன்னால் உட்கார்ந்ததும் பயத்தில் ஏதாவது கதையை எடுத்துவிடுவேன், அறையே சிரிக்கும், முருகேசனின் வாடகை அந்தச் சிரிப்போடு முடிந்துபோகும். அப்படித்தான் நான் எத்தனையோ பேச்சை முடித்திருக்கிறேன். மேஜைக்கு முன்னால் உட்கார உனக்கு அனுமதி இல்லை, சரி. ஆனால் பின்னால் ஒரு பெஞ்சு கிடக்கிறது. அதில் யார் உட்கார்ந்தாலும் ஒருத்தரும் கேட்பதில்லை. மாப்பிள்ளையிடம் சொல்லி ஒரு நாள் தக்காளியைக் காத்திருக்கச் சொல். பழனியிலிருந்து காலை பஸ்ஸைப் பிடித்தால் நேரத்துக்கு வந்துவிடலாம். வந்து என் நாற்காலிக்குப் பின்னால் உட்கார். நான் கதையில் இறங்கினால் நாற்காலி முதுகில் ஒரு தட்டு தட்டு, நிதானமாகிவிடுவேன். பயந்து இழுத்தேனென்றால் ரெண்டு தட்டு, விடாமல் பேசுவேன்.

மூன்று மட்டும் தட்டிவிடாதே, பாப்பா.

அப்பா